சக்கைக்கும் கருங்குழம்புக்கும் நடந்த போட்டி

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும், என் மனைவியும், மொட்டைமாடியில் ஓயாமல் ஒழுகும் தண்ணீர்த் தொட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் நல்ல உடம்போடும் நிம்மதியான மனதோடும் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உடம்பு அப்படியே இருக்கட்டும். மனதைப் பற்றிக் கடிதத்தின் முடிவில் விசாரித்துக்கொள்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதற்காகவே கடைக்குப் போய்ப் புதுப் பேனா வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் ஜெயித்துவிட்டோம். எங்கள் நாடு ஜெயித்துவிட்டது. நம் பேத்தி வாலு இந்த விடுமுறைக்கு இங்கேதான் வருகிறாள்.

பந்தயமா, எந்தப் பந்தயம் என்று நீங்கள் கேட்கக்கூடியவர் என்பதால் ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். உங்கள் நாட்டிலும் இல்லாமல் எங்கள் நாட்டிலும் இல்லாமல் மூன்றாவதாக ஒரு நாட்டில் போய்க் குடியிருக்கும் என் பையனும் உங்கள் பெண்ணும் அன்றைக்கு நம் இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் வீடியோ போனில் பிடித்து, "வாலுவுக்கு லீவு ஒரு மாசந்தான். ரெண்டு வீட்டுக்கும் குழந்தையை இழுத்துக்கிட்டு அலைய முடியாது. ஒரு வீடுதான். எந்த வீடுன்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். வேறு யாராவது இரண்டு தாத்தாக்களாக இருந்தால் சீட்டுக் குலுக்கிப் போட்டிருப்பார்கள். நம் இருவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்தே தலை நரைத்தவன். நீங்கள் காகித ஆலையில், மரத்தை வேகவைத்து நாரை எடுத்த பிறகு மிஞ்சுகிற அந்தக் கருங்குழம்பை எரித்தே தலை வழுக்கையானவர். எந்த நாட்டுக்காரன் தாவரக் கழிவை ஒழுங்காக எரிக்கிறான் என்று பிள்ளைகளின் கல்யாணத்தன்றே ஆரம்பித்தோம். ஆல்பத்தில் குடும்பப் படத்தைப் பாருங்கள், மாப்பிள்ளை பெண்ணைவிட, எதிரும் புதிருமாக நாம் நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள்தான் தெளிவாக விழுந்திருக்கின்றன. ஆகவே அவர்கள் போனை வைத்த சூட்டோடு சூடாக நீங்களே சொன்னீர்கள்: "ரெண்டு நாட்டுக் கணக்கையும் எடுங்க. சோளத்தட்டை, வைக்கோல், மரத்தூள், சக்கை, எங்க குழம்பு, எல்லாத்தையும் சேருங்க. தலைக்கு எவ்வளவு சக்தின்னு வருஷா வருஷம் கோடு போடுங்க. கடைசி வருஷத்துல யார் கோடு மேல நிக்குதோ, அவங்க வீட்டுக்கு வாலு." நான் சரி என்றேன். என் மனைவி சாட்சி. உங்கள் பின்னால் சம்பந்தியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றதையும் பார்த்தேன், அவரும் சாட்சி.

சம்பந்தி, விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம், ஆனால் எனக்கு இது விளையாட்டில்லை. வாலு போன தடவை இங்கே வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது முன்பல் இரண்டு விழுந்துவிட்டதாம், அந்த ஓட்டை வழியாக விசில் அடிக்கிறாளாம். அதை நான் போனில் கேட்டிருக்கிறேனே தவிர நேரில் கேட்டதில்லை. நீங்கள் போனை நிறுத்தி வைக்க ஸ்டாண்ட் வாங்கி வைத்திருக்கிறீர்கள், அதனால் உங்களைக் குழந்தை முழுத் தாத்தாவாகப் பார்க்கிறாள். நான் எப்படிப் பிடித்தாலும் அந்தப் போன் என் புருவத்துக்கு மேலேதான் காட்டுகிறது. அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் உங்களுக்கும் தெரியும். நெத்தித் தாத்தா. கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. சிரித்து முடித்ததும் கண்ணாடி முன்னால் போய் என் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

அதனால் களத்தில் இறங்கினேன். முதலில் புள்ளிவிவர அலுவலகம். வாசலிலேயே ஒருவர் என் வயதைப் பார்த்துவிட்டு, "பென்ஷன் கவுன்ட்டர் பின்னாடி சார்" என்று கை காட்டினார். பென்ஷனுக்கு வரவில்லை, சக்கைக்கு வந்திருக்கிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மேலே அனுப்பினார், மேலே இருந்தவர் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார், பக்கத்துக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால் எரிசக்திப் பிரிவின் நூலகத்தில் ஒரு அம்மாள் தனியாக உட்கார்ந்து மேஜை விசிறியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "பழைய ஆண்டறிக்கையெல்லாம் வேணும், தாவரக் கழிவு" என்றேன். "எதுக்கு சார், ஆராய்ச்சியா?" என்றார். "பேத்திக்கு" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள் விசிறியை விட்டுவிட்டு எழுந்தார். "அந்த நாட்டுக்காரங்களா? விடாதீங்க சார்!" என்று சொல்லி, தும்மிக்கொண்டே அலமாரியின் அடித்தட்டிலிருந்து கட்டுக் கட்டாக இழுத்துப் போட்டார். அதன்பின் நான் தினமும் ஆபீஸ் போகிறவன் மாதிரி சாப்பாட்டு டப்பாவோடு போய்க்கொண்டிருந்தேன். உங்கள் நாட்டுக் கணக்கையும் அவரே கம்ப்யூட்டரில் தேடி அச்சடித்துக் கொடுத்தார். உங்கள் நாட்டுக் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன், சுத்தமாக இருக்கிறது. எல்லாவற்றையும் நீங்களே சக்தியாக மாற்றி, இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறீர்கள். எங்கள் நாட்டுக் கணக்கில் சக்கை டன் டன்னாக அப்படியே கொட்டிக் கிடந்தது. அதை நான்தான் சக்தியாக மாற்றினேன். ஒரு டன் சக்கைக்கு எவ்வளவு சூடு என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் ஆலை ஆய்வுக்கூடத்துச் சுவரில் பெரிய எழுத்தில் அந்த எண் எழுதியிருக்கும், வேலைக் காலம் முழுவதும் தினமும் பார்த்த எண், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

அடுத்தது கோடு போடுவது. நான் வாங்கி வந்த சார்ட் அட்டை போதவில்லை. எங்கள் நாட்டின் பழைய வருடங்கள் அட்டையின் தலைக்கு மேலே, சுவரில் போய் நின்றன. கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் பெரிய மேஜை இருக்கிறதே என்று போனேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அட்டையைத் தூக்கிப் போட்டார். "காகிதத்துல எதுக்கு சார்? துணியில போடுவோம்" என்று வெள்ளை லைனிங் துணியை மேஜை நீளத்துக்கு விரித்து, சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டு, உங்களுக்கு நீல நூல், எங்களுக்குச் சிவப்பு நூல் என்று புள்ளி புள்ளியாக நான் சொல்லச் சொல்லத் தைத்தார். எங்கள் கோடு ஆரம்பத்திலேயே எவ்வளவு உயரத்தில் இருந்தது என்றால், மேலே இன்னொரு துண்டு ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. உங்கள் நீல நூல் அப்போது துணியின் கீழ் விளிம்பில் ஊர்ந்துகொண்டிருந்தது. தையல்காரர் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "இவங்க அப்ப எதையுமே எரிக்கலையா சார், குளிருக்கு என்ன பண்ணாங்க?" என்றார். எண்ணெய் வாங்கி எரித்தார்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

இங்கேதான் எனக்கும் என் மனைவிக்கும் ஒரு தகராறு வந்தது. மறைக்காமல் எழுதுகிறேன். சிவப்புக் கோடு நடுவில் திடுதிப்பென்று இறங்குகிறது, மாடிப்படியில் கால் வழுக்கினவன் மாதிரி. எனக்கு மனது கேட்கவில்லை. "பாரு, எப்படி இருந்த நாடு, எப்படி இறங்கிப்போச்சு" என்று புலம்பினேன். கீழே காய்கறி வாங்க வந்தவள் நின்று, துணியைப் பார்த்து, "இந்த மேல இருக்கிறதெல்லாம் என்ன?" என்றாள். வீட்டு அடுப்புகள் என்றேன். அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு தட்டையும் குச்சியும்தானே எரித்தார்கள், அதுவும் கணக்கில் சேர்த்தி. "அப்ப இது நான்" என்றாள். அந்த உயரத்தில் விரலை வைத்து, "இது நானு, என் அக்கா, எங்க தெருப் பொம்பளைங்க. கேஸ் வந்தப்ப இறங்குது பாருங்க, அது நாட்டுக்கு இறக்கம் இல்ல. அன்னிக்குத்தான் கண்ணுல தண்ணி வராம நான் சமைச்சேன். அழறதுக்கு வேற இடம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வதும் சரிதான். உங்கள் கோடு ஏறினால் உங்களுக்குப் பெருமை. எங்கள் கோடு இறங்கினதிலும் எங்களுக்கு ஒரு பெருமை இருக்கிறது. இந்தப் போட்டியில் இறக்கத்திலும் மார்தட்டிக்கொள்ள ஆள் வைத்திருக்கும் ஒரே நாடு எங்களுடையதுதான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இறங்கின கோடு தரையைத் தொடும் முன்பே சர்க்கரை ஆலைகள் கை கொடுத்தன. சக்கையை எரித்து, சர்க்கரை காய்ச்சினது போக மிச்ச மின்சாரத்தை ஊருக்கு விற்க ஆரம்பித்த காலம். சிவப்பு நூல் மறுபடி நிமிர்கிறது. உங்கள் நீல நூலும் சும்மா இல்லை, அதைச் சொல்லாவிட்டால் நான் மனிதன் இல்லை. குழம்பு, மரத்தூள், வைக்கோல் என்று ஒவ்வொரு படியாக, மூச்சுக்கூட வாங்காமல் ஏறி வந்துகொண்டே இருக்கிறது. துணியின் வலது ஓரமும் வந்துவிட்டது. தையல்காரர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க சார், கடைசிப் புள்ளி" என்றார். சொன்னேன். தைத்தார். சிவப்பு மேலே! நான்கு விரல் உயரம் மேலே! தையல்காரர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பேன்ட் அளவு கொடுக்க வந்து நின்ற ஒரு மனிதர், என்ன ஏது என்று தெரியாமலேயே கை தட்டினார்.

எப்படி ஜெயித்தோம் என்று நீங்கள் யோசிப்பீர்கள். நான் சொல்கிறேன். ஒழுக்கம். எங்கள் பாய்லரில் நான் நின்ற காலம்வரை ஈரச் சக்கையை உள்ளே தள்ள ஒருவனையும் விட்டதில்லை. மழையில் நனைந்த சக்கையை எவனாவது தெரியாமல் ஏற்றிவிட்டால் போதும், "டேய், உள்ள எரியிறது சக்கையா தண்ணியாடா?" என்று நான் போடும் சத்தத்தில் ஆலைச் சங்கு தோற்றுப்போகும். இன்றைக்கும் நான் தூக்கத்தில் அப்படிக் கத்துவதாக என் மனைவி சொல்கிறாள். அந்த மாதிரி ஆட்கள் வளர்த்த கோடு சம்பந்தி இது. குழம்பைக் கொதிக்கவைத்துக்கொண்டு நின்றவர்கள் எட்டிப்பிடிக்க முடியுமா?

வெற்றியை ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. நூலக அம்மாள் அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தாராம். காவலாளிக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும், மேல்வீட்டு வக்கீல் அப்பீல் வந்தால் தானே வாதாடுவதாகச் சொல்லியிருக்கிறார். முன்னறையில் என் சாய்வு நாற்காலியை எடுத்துவிட்டு வாலுவுக்குக் கட்டில் போட்டிருக்கிறேன், ஜன்னலுக்குக் கம்பி வலை அடித்திருக்கிறேன், கூரையில் ஊஞ்சல் கொக்கி மாட்டி அதில் நானே தொங்கிப் பார்த்தேன், தாங்குகிறது, வைத்தியர் தோளுக்கு மட்டும் தைலம் கொடுத்திருக்கிறார். அவள் வந்திறங்கி என் நெற்றிக்குக் கீழேயும் ஒரு மனிதன் இருப்பதைப் பார்க்கும் அந்த நிமிடத்தை நினைத்தாலே எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். தோல்வி ஒன்றும் அவமானமில்லை, பழகினால் சரியாகிவிடும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். உங்கள் கால்வலி குறைந்து, உங்கள் நாட்டு நீல நூலும் மேலும் மேலும் வளர்ந்து, ஆனால் எங்கள் நூலுக்கு நான்கு விரல் கீழேயே என்றும் நிலைத்திருக்க மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
ஜெயித்த சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து உரக்கப் படிக்காதீர்கள்.

இந்த உறையை ஒட்டியும் ஆகிவிட்டது. மறுபடி நீராவியில் காட்டிப் பிரித்திருக்கிறேன், நான் கற்ற தொழில் இதற்காவது பயன்பட்டது. நடந்தது இதுதான். கடிதத்தைத் தபாலில் போடக் கிளம்பினவனை என் மனைவி மறித்து, "ஜெயிச்சவங்க வாளி தூக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்று, துவைத்த போர்வைகளை மொட்டைமாடியில் காயப்போட அனுப்பினாள். ஒவ்வொரு மாடியிலும் வாளியை இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒருவழியாகக் கொண்டுபோய்ப் போட்டேன். மத்தியானம் அதே போர்வைகளை எடுத்துவர மறுபடி அனுப்பினாள். அதே வாளி. அதே போர்வைகள். ஒற்றை விரலில் மாட்டிக்கொண்டு விசிலடித்தபடி இறங்கி வந்தவன் பாதிப் படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

சம்பந்தி, ஆய்வுக்கூடத்துச் சுவரில் இருந்த எண் அடுப்பில் வைத்துக் காயவைத்த சக்கைக்கு உரிய எண். ஆண்டறிக்கையில் இருக்கும் டன் கணக்கு, ஆலையில் பிழிந்து அப்படியே வெளியே வரும் சக்கையின் எடை. அதில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். நான் தண்ணீரைக் கழிக்கவில்லை. ஈரத்துக்காக ஊரையே திட்டின நான், ஒரு நாட்டின் தண்ணீர் முழுவதையும் நெருப்பாகக் கணக்கில் ஏற்றியிருக்கிறேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேலே வந்த தையல்காரர் பதறிப்போய், "என்ன சார் ஆச்சு?" என்றார். "தண்ணிய எரிச்சுட்டேங்க" என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு பேரும் மறுபடி துணியை விரித்தோம். ஆலைகள் வந்த பிறகுள்ள சிவப்பு நூலை முழுவதும் பிரித்தோம். தண்ணீரைக் கழித்து, புள்ளி புள்ளியாகக் கீழே இறக்கித் தைத்தார். என் மனைவியின் அடுப்புக் காலத்தில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை, அந்தக் கணக்கில் காய்ந்த எடையைத்தான் எழுதியிருக்கிறார்கள். அவள் கோடு, போட்ட இடத்திலேயே உயரமாக நிற்கிறது, இறங்கினது என் கோடுதான். கடைசிப் புள்ளியில் நாங்கள் உங்களுக்கு ஒரு விரல் கீழே. ஒரே ஒரு விரல்தான். ஆனால் கீழே.

ஆகவே வாலு உங்கள் வீட்டுக்கு. நான் சொன்ன சொல் மாறமாட்டேன். அவள் படுக்கும் அறையில் ஜன்னலுக்கு வலை அடித்துவிடுங்கள், என் பையன் சின்ன வயதில் தூக்கத்தில் நடப்பான், அவளுக்கும் அது இருக்கலாம். ஊஞ்சல் கொக்கியை நீங்கள் தொங்கிப் பார்க்க வேண்டாம், அனுபவத்தில் சொல்கிறேன். எப்போதாவது போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்து, என்னோடு பேசச் சொல்லுங்கள். அதற்குள் நான் போனைச் சரியாகப் பிடிக்கப் பழகிக்கொள்கிறேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது சம்பந்தி, அவ்வளவுதான்.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு: மேலே உள்ள வருத்தத்தையும் வாபஸ் வாங்குகிறேன்.

நான் சாப்பிடாமல் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு என் மனைவி என்னவென்று கேட்டாள். தோற்றுவிட்டதைச் சொன்னேன். "அப்ப அவங்க வீடுதானே? முடிவாச்சா?" என்றாள். ஆச்சு என்றேன். உடனே போனை எடுத்து உங்கள் வீட்டுக்கு அடித்து, "சம்பந்தியம்மா, உங்க வீடுதானாம். டிக்கெட் போடச் சொல்லிடறேன்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாம் பந்தயம் கட்டின அன்றே இந்த இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்களாம். எந்த வீடு ஜெயித்தாலும் தோற்ற வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் அங்கேயே போய் ஒரு மாதம் தங்குவது என்று ஏற்பாடு. எந்த நாடு என்று தெரியாததால்தான் இத்தனை நாள் டிக்கெட் எடுக்காமல் இருந்தார்களாம். "இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன். "சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு நாள் எங்க காலைச் சுத்தியே வந்திருப்பீங்க" என்றாள். கொஞ்சம் நின்று, "தோத்தவங்க வந்து தங்கக் கூடாதுன்னு உங்க ஒப்பந்தத்துல எங்கயாவது இருக்கா?" என்றும் கேட்டாள். இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆகையால் எங்களுக்கும் ஒரு கட்டில் போட்டு வையுங்கள். துணியையும் சுருட்டி எடுத்து வருகிறேன், தையல்காரர் ஓரம் அடித்துக் கொடுத்திருக்கிறார், உங்கள் முன்னறைச் சுவரில் மாட்டலாம். வந்த மறுநாள் காலையில் உங்கள் பழைய ஆலைக்குப் போகிறோம். கருங்குழம்பிலும் தண்ணீர் உண்டு என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அதை உங்கள் நாட்டார் கழித்தார்களா, கழிக்கவில்லையா என்று என் கண்ணால் பார்க்காமல் அந்த ஒரு விரலை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

வாலுவிடம் மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள். நெத்தித் தாத்தா வருகிறார், இந்தத் தடவை முழுசாக.